ஒற்றைக் காலில் ஒரு பரீட்சை

அடுப்பில் பால் இருந்தால் முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். பிறகு, சுவரோரமாக, கைக்குப் பிடி கிடைக்கிற ஓர் இடத்தில் வந்து நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக் கொள்ளுங்கள். மாமியார் பார்த்துவிட்டு, "யாரோடு சண்டைக்கு நிற்கிறாய்?" என்று கேட்டால் கேட்கட்டும். இப்போது ஒரு காலை மெல்லத் தூக்குங்கள். கண்களை மூடிக் கொள்ளுங்கள். 20 விநாடி அப்படியே நில்லுங்கள், பார்க்கலாம்!

(முழங்கால் வலிக்காரர்களும், தலைசுற்றல் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் இதைச் செய்ய வேண்டாம். படித்தால் போதும்.)

என்ன, பாதி எண்ணுவதற்குள் தூக்கிய கால் தரைக்கு வந்துவிட்டதா? வெட்கப்பட வேண்டாம், சகோதரி. கண் திறந்திருந்தபோது கம்பமாக நின்ற நாம், கண்ணை மூடியதும் ஆடிப் போகிறோம். மனிதர் எல்லாருக்கும் உள்ளதுதான் இது.

இந்த வேடிக்கைக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. மைதானத்தில் தலையில் அடிபட்ட பிள்ளைகளுக்கு, இன்று உலகம் முழுவதும் வைத்தியர்கள் வைக்கிற பரீட்சைகளில் இது ஒன்று. "தலையில் அடிபட்ட பிள்ளையைக் கூட்டிக் கொண்டு போனால் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறாரே, இது வைத்தியமா ஸர்க்கஸா?" என்று நீங்கள் கேட்கலாம். வைத்தியம்தான். பந்தோ மட்டையோ பிடிக்கிற ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்த வைத்தியத்தின் பாஷையை நீங்களும் கொஞ்சம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

தயிரும் பாத்திரமும்

தலையில் அடிபட்டால் நாம் முதலில் என்ன பார்க்கிறோம்? ரத்தம் வருகிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இரண்டும் இல்லாவிட்டால், "நல்ல வேளை!" என்று பெருமூச்சு விடுகிறோம்.

உறைந்த தயிர்ப் பாத்திரத்தைத் தூக்கி மேடைமேல் 'டக்'கென்று வைத்துப் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு சொட்டை விழாது. உள்ளே இருக்கிற தயிர் மட்டும் கலங்கிப் போகும். மண்டை ஓட்டுக்குள் மூளையின் சங்கதியும் ஏறக்குறைய இதுதான். தலைக்கு அடி விழ வேண்டும் என்றுகூட இல்லை. தோளிலோ முதுகிலோ விழுந்த மோதலில் தலை வெடுக்கென்று ஆடினாலே போதும். நுண்ணிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. அவற்றின் வேலை தாறுமாறாகிறது. இதைத்தான் 'மூளை அதிர்ச்சி' என்கிறார்கள். நம் பாட்டிமார் "பொறி கலங்கிப் போச்சு" என்று சொன்னார்களே, எவ்வளவு பொருத்தமான வார்த்தை!

தயிருக்கும் மூளைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கலங்கிய தயிர் மறுபடி உறையாது. கலங்கிய மூளை, ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால், அது சரியாவதற்குள் இன்னோர் அடி விழக்கூடாது. அதில்தான் அபாயம் இருக்கிறது. இளம் வயதில், முதல் அடி ஆறுவதற்குள் விழுகிற இரண்டாவது அடி, அபூர்வமாகச் சில சமயம், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது.

நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. மூளை அதிர்ச்சி அடைகிறவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை என்பதே வைத்தியர்களின் கணக்கு. மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள், பேசுவார்கள், ஓடக்கூடச் செய்வார்கள். 2014-ஆம் வருஷம் ஜூலை 13-ந் தேதி, ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமர், எதிராளியின் தோளில் முகம் மோதி விழுந்தார். எழுந்து கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆடவும் செய்தார். நடுவில் நடுவரிடம் போய், "இது இறுதி ஆட்டம்தானா?" என்று விசாரித்தார்! உலகமே பார்த்துக் கொண்டிருந்த ஆட்டத்தில் இப்படி நடக்குமானால், நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

கன்னியாகுமரிக் கரையில்

இந்த விஷயத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்துக்கே போகிறது. காரணம் இருக்கிறது.

நாஞ்சில் நாடு என்றதும் நமக்கு வயலும் வாழையும், சுசீந்திரம் கோபுரமும், முனையில் சேரும் கடல்களும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே மாவட்டத்தின் மேற்குக் கரைக்குப் போய்ப் பாருங்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக மீனவ ஊர்கள். ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடிப்பதில் பேர் பெற்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், ஐ.எஸ்.எல். பந்தயங்களில் ஜாம்ஷெட்பூருக்கும் ஏ.டி.கே. அணிக்கும் ஆடியவர். 2019–20-ல் கோப்பை வென்ற ஏ.டி.கே. அணியில் அவரும் இருந்தார். அவரைப் பார்த்து, 'நாமும் ஒரு நாள்' என்று கனவு காண்கிற சிறுவர்களும் சிறுமிகளும் அந்தக் கரையில் எத்தனை பேர்!

கனவு பெரிதாக இருக்கிற இடத்தில் பொய்யும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற நாளில் தலையில் மோதிக் கொண்ட ஒரு பையனை, "தலை வலிக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை" என்பான். "சுற்றுகிறதா?" என்றால் "இல்லவே இல்லை" என்பான். விளவங்கோடு பக்கத்துப் பேச்சில் 'தலை கறக்கம்' என்பார்கள். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வரவே வராது. வந்தால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களே! பெண் குழந்தைகள் மட்டும் என்ன? கஷ்டப்பட்டு அப்பாவிடம் அனுமதி வாங்கிக் கபடி ஆட வந்தவள், அடிபட்டது வீட்டுக்குத் தெரிந்தால் நாளை முதல் மைதானமே கிடையாது என்று பயந்து வாயைத் திறக்க மாட்டாள்.

வாய் இப்படி மறைக்கிற உண்மையைக் கால் அவ்வளவு சுலபமாக மறைப்பதில்லை. அதனால்தான் வைத்தியர் காலைக் கேட்கிறார்.

கால் என்ன சொல்லும்?

நாம் நேராக நிற்பது சாமானியமான காரியம் என்று நினைக்கிறோம். அதற்குள் ஒரு கூட்டுக் குடும்பமே உழைக்கிறது. கண், 'இது சுவர், இது தரை' என்று சொல்கிறது. காதின் உட்பகுதியில் உள்ள நுண்ணிய குழல்கள், 'தலை இந்தப் பக்கம் சாய்கிறது' என்று தகவல் கொடுக்கின்றன. பாதமும் மூட்டும் தசையும், 'எடை இங்கே விழுகிறது' என்கின்றன. இந்த மூன்று செய்திகளையும் கூட்டிக் கழித்து உத்தரவு போடுவது மூளை. மூளை அதிர்ந்து போனால் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. கண் திறந்திருக்கும்போது, பார்வையை வைத்து ஒருவாறு சமாளித்துவிடும். கண்ணை மூடினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கண்ணை மூடச் சொல்கிற இந்தத் தந்திரம் பழையது. 19-ஆம் நூற்றாண்டிலேயே பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பர்க் என்ற வைத்தியர், சில நரம்பு நோயாளிகள் கண்ணை மூடியதும் தள்ளாடுவதைக் கவனித்து எழுதி வைத்தார். விளையாட்டுப் பிள்ளைகளுக்காக அதை ஒரு கணக்காகச் செய்தவர்கள், அமெரிக்காவில் வடக்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்த கெவின் கஸ்கீவிச், பிரையன் ரீமன் முதலானவர்கள். 1990-களின் கடைசியில் அவர்கள் இதைச் செய்தார்கள். அதற்கு முன்பும் நிலைகுலைவை அளக்க இயந்திரங்கள் இருந்தன. பாதத்தின் அழுத்தத்தை அளக்கிற மேடைகள் அவை; விலை அதிகம்; மைதானத்துக்குத் தூக்கிக் கொண்டு போகவும் முடியாது. இவர்களுடைய முறைக்கு ஒரு கடிகாரமும், மெத்தென்ற ஸ்பஞ்சுத் திண்டு ஒன்றும் இருந்தால் போதும்.

பரீட்சை இதுதான்: வெறுங்கால்; கைகள் இடுப்பில்; கண்கள் மூடியிருக்க வேண்டும். மூன்று நிலைகள். முதலாவது, இரு பாதங்களையும் சேர்த்து வைத்து நிற்பது. இரண்டாவது, ஒற்றைக் காலில் நிற்பது. எந்தக் காலால் பந்தை உதைப்பானோ அதைத் தூக்கிக் கொண்டு, மற்றதில் நிற்க வேண்டும். மூன்றாவது, ஒரு பாதத்தின் முன்னால் மற்றொரு பாதத்தை, குதிகால் விரலைத் தொடும்படி வரிசையாக வைத்து நிற்பது. இதிலும் உதைக்கிற கால் முன்னால், மற்றது பின்னால். ஒவ்வொன்றும் 20 விநாடி. கெட்டித் தரையில் மூன்றும் ஆன பிறகு, ஸ்பஞ்சின் மேல் மூன்றும்.

எதிரே நிற்பவர் தப்புகளை எண்ணுவார். இடுப்பிலிருந்து கை எடுத்தால் ஒரு தப்பு. கண்ணைத் திறந்தால் ஒரு தப்பு. அடி வைத்தாலோ தடுமாறினாலோ விழுந்தாலோ ஒரு தப்பு. இடுப்புப் பக்கவாட்டில் மிகவும் சாய்ந்தால் ஒரு தப்பு. முன்பாதமோ குதிகாலோ தரையை விட்டுக் கிளம்பினால் ஒரு தப்பு. நிலை குலைந்து, 5 விநாடிக்கு மேல் பழையபடி நிற்க முடியாமல் போனாலும் ஒரு தப்பு. ஒரு நிலைக்கு அதிகபட்சம் 10 தப்பு. ஆறு நிலைக்கும் சேர்த்து 60. மைதானத்து ஓரத்தில் ஸ்பஞ்சை விட்டுவிட்டுத் தரையில் மூன்று நிலைகளை மட்டும் பார்ப்பதும் உண்டு. அப்போது மொத்தம் 30. நம் பள்ளிக்கூடப் பரீட்சைக்கு நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள். இங்கே மார்க் குறைந்தால்தான் கெட்டிக்காரன்!

இதோடு நடைப் பரீட்சை ஒன்றும் இருக்கிறது. தரையில் 3 மீட்டருக்கு ஒரு நாடாவை ஒட்டி, அதன்மேல் குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு வேகமாக நடந்து, திரும்பி வர வேண்டும். நேரத்தைக் குறித்துக் கொள்வார்கள். பிறகு, ஓர் எண்ணிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லிக் கொண்டே நடக்கச் சொல்வதும் உண்டு. இடுப்பில் நீர்க்குடத்தோடு, ஊர்க்கதை பேசிக் கொண்டே வரப்பில் நடந்த நம் பாட்டிமாருக்கு இது ஒரு பொருட்டா? ஆனால் அதிர்ந்து போன மூளைக்கு, இரண்டு வேலையை ஒரே சமயத்தில் செய்வது மலையாகத் தெரியும்.

இந்தப் பரீட்சைகள் தனியாக நிற்பவை அல்ல. 2022-ஆம் வருஷம் அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் நிபுணர்கள் கூடி, 2023-ல் வெளியிட்ட 'ஸ்காட்-6' என்ற சோதனைத் தாளில், ஞாபகசக்திக் கேள்விகளோடும் உடம்பின் அறிகுறிகளோடும் சேர்த்து இவற்றை வைத்திருக்கிறார்கள். 8 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வேறு தாள். 13-லிருந்து பெரியவர்களுக்கு வேறு தாள். அடிபட்ட முதல் 3 நாளில்தான் அதற்கு மதிப்பு அதிகம். நாள் ஆக ஆக அது மங்கிப் போகும்.

வள்ளத்தில் நிற்கிற பையன்

இப்போது ஒரு சங்கடத்தைச் சொல்கிறேன். இரண்டு பையன்களை நினைத்துக் கொள்ளுங்கள். ஒருவன் தூத்தூர்க் கரையில், அலையில் ஆடுகிற வள்ளத்தில் அப்பாவோடு நின்று பழகியவன். கெட்டித் தரையில் அவனை நிறுத்தினால் சிலை மாதிரி நிற்பான். மூன்று நிலையிலும் சேர்த்து ஒரே ஒரு தப்புச் செய்வான். இன்னொருவன் நாகர்கோவில் டவுனில், புத்தகமும் கையுமாக வளர்ந்தவன். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே 6 தப்புச் செய்வான்.

இருவரும் மாட்சில் தலை மோதிக் கொண்டு விழுகிறார்கள். வைத்தியர் இருவரையும் நிற்க வைக்கிறார். இருவருக்கும் 6 தப்பு. 'அந்த வயசுப் பிள்ளைக்கு 6 என்பது பெரிய தப்பில்லை' என்று இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? டவுன் பையனுக்கு நஷ்டமில்லை. அவன் எப்போதும் போலத்தான் நின்றான். கடற்கரைப் பையனுக்கு ஒன்று ஆறாகிவிட்டது. அவன் மூளை கூக்குரல் போடுகிறது, கேட்க ஆளில்லை!

ஆகையால், இந்தப் பரீட்சையில் ஒரு பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை. அவனை அவனோடேயே ஒப்பிட வேண்டும். அதற்கு, அவன் சுகமாக இருந்தபோது எப்படி நின்றான் என்ற கணக்கு யாரிடமாவது இருக்க வேண்டும். விளையாட்டுப் பருவம் தொடங்குவதற்கு முன்பே எடுத்து வைக்கிற இந்தக் கணக்கை 'முன் அளவு' என்று சொல்லலாம். வயசு ஏற ஏறப் பிள்ளைகள் ஸ்திரமாக நிற்கப் பழகுகிறார்கள். ஆகவே, வருஷத்துக்கு ஒரு முறை புதிதாக எடுப்பது உத்தமம். முன் அளவு இல்லாவிட்டாலும் வைத்தியர் சோதிப்பார். ஒன்றும் குடி முழுகிப் போகாது. இருந்தால் அவர் கையில் ஒரு விளக்குக் கொடுத்த மாதிரி.

அளவெடுப்பதிலும் பக்குவம் வேண்டும். ஓடி விளையாடிக் களைத்த பிள்ளையை உடனே நிறுத்தினால், அடிபடாவிட்டாலும் ஆடத்தான் செய்வான். 15, 20 நிமிஷமாவது உட்கார வைத்த பிறகே பார்க்க வேண்டும். முதலில் சிமெண்டுத் தரையில் எடுத்த கணக்கை, பிறகு கடற்கரை மணலில் எடுத்த கணக்கோடு ஒப்பிடக் கூடாது. கணுக்கால் சுளுக்கு இருந்தால் குறித்து வைக்க வேண்டும். எண்ணுகிறவரும் ஒரே ஆளாக இருப்பது நல்லது. இருவர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும். நம் வீட்டுச் சலவைக் கணக்கு மாதிரிதான்! ஐந்தாறு தடவை பழகினால் பிள்ளைகள் தேறிவிடுவார்கள் என்பதும் உண்மை. அதனால் இதை வீட்டில் தினசரி விளையாட்டாக்கிவிட வேண்டாம்.

கால் மௌனமானால்?

இத்தனை பெருமை சொன்ன பிறகு, இந்தப் பரீட்சையின் குறையையும் சொல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். கால் தடுமாறினால், 'ஏதோ சரியில்லை' என்று நம்பலாம். கால் தடுமாறாவிட்டால், 'எல்லாம் சரி' என்று நம்பக் கூடாது.

2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்துக்கு, ஜோப்ரா ஆர்ச்சர் போட்ட பந்து கழுத்தில் பட்டது. விழுந்தார். வெளியே அழைத்துப் போய்ச் சோதித்தார்கள். சோதனையில் தேறினார், திரும்பி வந்து ஆடி 92 ஓட்டத்தில் அவுட்டானார். மறுநாள் காலையில் எழுந்தபோது தலை மந்தமாக இருந்தது. மறுபடி சோதித்தார்கள், ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். அவருக்குப் பதிலாக வந்த மார்னஸ் லபுஷேன்தான், டெஸ்ட் கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சிக்காக இறங்கிய முதல் மாற்று ஆட்டக்காரர். பக்கத்திலேயே வைத்தியர்கள் நின்ற இடத்தில் அடையாளம் ஓர் இரவு தாமதித்து வந்தது என்றால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலோருக்கு நிற்கிற ஸ்திரம் 3 முதல் 5 நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. ஆனால் தலைவலியும், வெளிச்சத்தைக் கண்டால் கூசுவதும், பாடத்தில் மனம் பதியாததும், சிடுசிடுப்பும் அதன் பிறகும் நீடிக்கலாம். பிள்ளைகளுக்கு முழுக் குணம் ஏற்பட 4 வாரம் வரைகூட ஆகும். 'ஒற்றைக் காலில் ஜம்மென்று நிற்கிறானே, ஞாயிற்றுக்கிழமை மாட்சுக்கு அனுப்பினால் என்ன?' என்று கேட்கிற அம்மாவுக்கு என் பதில்: அனுப்பாதீர்கள். 'ஸ்கான் எடுத்தோம், சுத்தமாக இருக்கிறது என்றார்கள்' என்று சொல்கிற அம்மாவுக்கும் அதே பதில்தான். மூளைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று ஸ்கான் சொல்லும். மூளை அதிர்ச்சி அதில் பெரும்பாலும் தெரியாது.

ரத்தக் கசிவு என்றதும் ராமன் லாம்பாவின் நினைவு வருகிறது. இந்தியாவுக்கு ஆடிய அந்த ஆட்டக்காரர், 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் மாட்சில், தலைக்கவசம் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகே நின்றார். பந்து தலையில் தாக்கியது. எழுந்து தாமே நடந்துதான் வெளியே போனார். சற்று நேரத்தில் நினைவு தப்பியது. மூன்றே நாளில் காலமானார். நடந்து போனவர்தானே என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது.

அம்மா செய்ய வேண்டியது

தலையில் அடிபட்டது என்று தெரிந்தால், அன்று ஆட்டம் முடிந்தது. கோல் வித்தியாசம் என்ன, கோப்பை யாருக்கு என்பதெல்லாம் அப்புறம். பரீட்சையில் தேறினாலும் அன்றைக்கு அவன் மைதானத்துக்குத் திரும்பக் கூடாது.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக் கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து வலி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, கைகால் மரத்துப் போவது அல்லது வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கத் தூக்கம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு விநாடி தாமதிக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. நாகர்கோவில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளத்தில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். கழுத்து வலிக்கிறது என்றால், அது வரும் வரை பிள்ளையை அசைக்காதீர்கள்.

நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் வர்ம ஆசானிடம் கூட்டிப் போகலாம் என்பார்கள். வர்மப் புள்ளி 108 என்று வகுத்துப் பாதுகாத்த மண் அது. அடிமுறை களரியிலும் காலடி வைக்கிற சுவடுதான் முதல் பாடம். நிற்கத் தெரியாதவனுக்கு அடிக்கத் தெரியாது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அந்தக் கலையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், தலையில் அடிபட்ட பிள்ளையின் கழுத்தைத் திருப்புவதும், பிடரியில் தட்டுவதும் வேண்டவே வேண்டாம். முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

அபாய அடையாளம் இல்லாவிட்டாலும் முதல் சில மணி நேரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வலி மாத்திரை எதையும் நாமாகக் கொடுக்க வேண்டாம். தூங்க விடக் கூடாது என்று ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. டாக்டர் பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு தாராளமாகத் தூங்கலாம். தூக்கம் மூளைக்கு நல்லது. முதல் இரண்டு நாள் டெலிபோன் திரையையும் டெலிவிஷனையும் குறைத்துவிடுங்கள். இருட்டறையில் அடைத்துப் போடுகிற பழைய வழக்கம் இப்போது இல்லை. முற்றத்தில் மெல்ல நடக்கலாம்.

பிறகு படிப்படியாக ஏற வேண்டும். முதலில் பள்ளிக்கூடமும் பாடமும். அதன் பின் வேக நடை, சைக்கிள். பிறகு தனியாக ஓட்டமும் பந்துப் பயிற்சியும். அறிகுறிகள் முழுக்க மறைந்த பின்னர், மோதல் இல்லாத கூட்டுப் பயிற்சி. டாக்டர் சம்மதித்தால் முழுப் பயிற்சி, கடைசியாகத்தான் மாட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலியோ கிறுகிறுப்போ கூடினால் அன்று நிறுத்திவிட்டு, மறுநாள் மெல்லத் தொடங்க வேண்டும்.

கால்பந்தில் தலையால் முட்டுவதைப் பற்றியும் கவலைப்படுகிறார்கள். 2015-ல் அமெரிக்கக் கால்பந்துச் சங்கம், 10 வயதும் அதற்குக் குறைந்ததுமான குழந்தைகள் தலையால் முட்டக் கூடாது என்று விதித்தது. 2020-ல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அதை நிறுத்தினார்கள். நம் வீட்டுச் சின்னவர்களுக்கும் காலால் உதைக்கிற சந்தோஷமே போதாதா?

இதற்காகப் பிள்ளைகளை, அதிலும் பெண் குழந்தைகளை, மைதானத்துக்கே அனுப்பாமல் பூட்டி வைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை அடிபட்டதை அவர்கள் சொல்லவே மாட்டார்கள். "உண்மையைச் சொன்னால் உன் இடம் போகாது, ஆறின பிறகு நீதான் ஆடப் போகிறாய்" என்று அம்மா வாக்குக் கொடுத்தால், அந்த வாக்கே முதல் மருந்து.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர் மாட்சுகளில் கோட்டோரத்தில் டாக்டர் நிற்பது அபூர்வம். நிற்பவர் உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும்தான். ஒரு டாக்டரையோ பிசியோதெரபி நிபுணரையோ ஒரு நாள் அழைத்து அவர் கற்றுக் கொண்டால், தம் அணிப் பிள்ளைகளின் முன் அளவை அவரே எடுத்துவிடலாம். தரையில் மூன்று நிலை. பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிஷம். பேர், வயசு, உதைக்கிற கால், தப்புகள், தேதி என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். செலவு அவ்வளவுதான். 2011 ஜனத்தொகைக் கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக வந்த மாவட்டம் கன்னியாகுமரி. ஒரு நோட்டுப் புத்தகத்துக்கா அங்கே பஞ்சம்? அங்கே தொடங்கினால், மற்ற ஊர்களும் பார்த்துப் பழகிக் கொள்ளும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, கணக்கில் எத்தனை மார்க், இங்கிலீஷில் எத்தனை மார்க் என்று கேட்பதோடு, விளையாட்டு ஆசிரியரிடம் போய், "ஸார், என் பெண் கண்ணை மூடிக் கொண்டு எப்படி நிற்கிறாள் என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவர் முதலில் விழிப்பார். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள்!